தத்தெடுத்த நாய் வந்த உடனே ஏன் சோபாவுக்கு அடியில போய் ஒளியுது?

மணி வந்த அன்னிக்கு வீடே ஹால்ல திரண்டு நின்னுச்சு, அம்மா ஆரத்தி எடுக்காதது ஒண்ணு தான் பாக்கி. அவன் யாரையும் கண்டுக்காம நேரா சோபாவுக்கு அடியில போய் சுருண்டவன் தான், மறுநாள் சாயங்காலம் வரைக்கும் வெளிய வரல, கோழி போட்டு பிசைஞ்ச சோத்தை மோந்து கூட பாக்கல. ரெண்டாம் நாள் வயிறு வேற கலக்கிடுச்சு. "ஷெல்டர்ல வாலை ஆட்டிட்டு நல்லா தானேடா இருந்துச்சு, இதுக்கு நம்ம வீடு புடிக்கலயோ, பேசாம திருப்பி விட்டுரலாமா"ன்னு அம்மா கேட்டாங்க.

புடிக்கிறது புடிக்காததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, இது ஹார்மோன் வேலை. புது இடம், புது ஆளுங்க, மிக்ஸி சத்தம், குக்கர் விசில்னு எல்லாம் ஒரே நேரத்துல வந்து விழுந்தா மூளையில இருக்குற ஹைப்போதலாமஸ்ங்கிற பகுதி, அதுக்கு கீழ இருக்குற பிட்யூட்டரி சுரப்பிக்கு தகவல் அனுப்பும், பிட்யூட்டரி கிட்னிக்கு பக்கத்துல உக்காந்திருக்குற அட்ரினல் சுரப்பியை தட்டி விடும், அது கார்ட்டிசால்ங்கிற ஸ்ட்ரெஸ் ஹார்மோனை ரத்தத்துல இறக்கும். உடம்பு இப்போ தப்பிக்கிற மோடுல இருக்கு, அந்த நேரத்துல சாப்பாடு செரிக்கிறதெல்லாம் முக்கியமே இல்ல, அதனால பசி போயிடும். அதே ஸ்ட்ரெஸ் சிக்னல் பெருங்குடலை மட்டும் வேகமா ஓட வைக்கும், நமக்கு பரீட்சை அன்னிக்கு காலைல நடக்குமே அதே கதை. (இதுல நாம பாசத்துல அன்னிக்கே சாப்பாட்டையும் மாத்தினா கேக்கவே வேணாம். ஷெல்டர்ல என்ன போட்டாங்களோ அதையே கொஞ்ச நாள் போட்டுட்டு மெதுவா மாத்தணும். ரத்தமா போனாலோ வாந்தி நிக்காம வந்தாலோ டாக்டர்கிட்ட ஓடிருங்க, அது ஸ்ட்ரெஸ்னு உக்காந்திருக்க கூடாது.)

அமெரிக்காவுல ஒஹையோ பக்கம் மைக்கேல் ஹென்னெசின்னு ஒரு ஆராய்ச்சியாளர், 1997ல ஷெல்டர் நாய்ங்களோட ரத்தத்தை எடுத்து பாத்தாரு. வந்து மூணு நாள் ஆகாத நாய்ங்களுக்கு கார்ட்டிசால் எகிறி இருந்துச்சு, ஒன்பது நாளுக்கு மேல இருந்த நாய்ங்களுக்கு அந்த அளவு இல்ல. அது ஷெல்டருக்குள்ள வர்ற நாயை பத்தின ஆராய்ச்சி தான், ஆனா அங்கிருந்து நம்ம வீட்டுக்கு வர்றதும் நாய்க்கு இன்னொரு இடமாற்றம் தானே. அதனால முதல் வாரம் நீங்க பாக்குற நாயை வச்சு அதோட குணத்தை முடிவு பண்ணாதீங்க. பயந்து கிடக்குறது சரியா போகலாம், ரொம்ப சாதுவா இருந்தது பத்து நாள் கழிச்சு செருப்பை கடிக்க ஆரம்பிக்கவும் செய்யலாம்.

அடுத்தது மூக்கு. நாய் மூச்சு இழுக்கும்போது காத்துல ஒரு பங்கு தனியா பிரிஞ்சு வாசனை புடிக்கிற பகுதிக்கு போகும், விடுற மூச்சு மூக்கோட பக்கவாட்டு வெட்டு வழியா வெளிய போகும். கண்ணை விட மூக்கால தான் அது வீட்டை படிக்குது. அதனால தான் வந்த அன்னிக்கே ஷாம்பு போட்டு குளிப்பாட்டுறது எனக்கு சுத்தமா புடிக்காது, அதுக்கு தெரிஞ்ச ஒரே வாசனை அதோட சொந்த வாசனை, அதையும் கழுவி விட்டா என்ன பண்ணும் பாவம். தரையில மூத்திரம் போனா பினாயில் ஊத்தி துடைக்கிறதும் இதே மாதிரி தான், நமக்கு தான் நாத்தம் போகும், அதோட மூக்குக்கு இடம் அப்படியே தெரியும், திரும்ப அங்கேயே போகும். மூத்திரத்தை உடைக்கிற என்சைம் கலந்த க்ளீனர் கடையில கிடைக்குது.

எமரி யுனிவர்சிட்டியில கிரெகரி பெர்ன்ஸ் குழு நாய்ங்களுக்கு எம்ஆர்ஐ மெஷின்ல முழிச்சிட்டே அசையாம படுக்க ட்ரெயினிங் குடுத்து, வேற வேற வாசனையை மோந்து பாக்க வச்சாங்க. நல்லது கிடைக்கும்னு எதிர்பாக்கும்போது வேலை செய்யுற காடேட்ங்கிற பகுதி, தெரிஞ்ச மனுஷனோட வாசனைக்கு தான் அதிகமா வேலை செஞ்சுச்சு, தெரிஞ்ச நாயோட வாசனைக்கு கூட அவ்வளவு இல்ல, இத்தனைக்கும் அந்த ஆள் அங்க பக்கத்துலயே இல்ல. இதை படிச்சிட்டு தான் என்னோட துவைக்காத டீஷர்ட்டை சோபாவுக்கு அடியில தள்ளி விட்டேன். அம்மா மூக்கை பொத்திக்கிட்டாங்க.

பாசம் வர எவ்ளோ நாள் ஆகும்? நாம நினைக்கிறதை விட சீக்கிரம். 2001ல ஹங்கேரியில மார்த்தா காச்சி குழு ஷெல்டர்ல இருந்த பெரிய நாய்ங்க கூட ஒரு ஆளை பத்து பத்து நிமிஷமா மூணு தடவை மட்டும் பழக விட்டாங்க, அதுக்கே அந்த ஆள் மேல ஒட்டுதல் தெரிய ஆரம்பிச்சிருச்சு. ஆனா கண்ணை உத்து பாத்தா பாசம் வரும்னு சொல்றாங்களே, அதுல ஒரு சிக்கல் இருக்கு. 2015ல ஜப்பான்ல மிஹோ நாகசாவா குழு, நாயும் ஓனரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கும்போது ரெண்டு பேருக்கும் பாசத்தோட சம்பந்தப்பட்ட ஆக்சிடோசின்ங்கிற ஹார்மோன் ஏறுதுன்னு காட்டினாங்க தான், ஆனா அதெல்லாம் ஏற்கனவே பழகின ஜோடிங்க. நேத்து வந்த பயந்த நாயை உத்து பாத்தா அது மிரட்டுறதா தான் எடுத்துக்கும். பக்கவாட்டா திரும்பி தரையில உக்காந்து போனை நோண்டிட்டு இருங்க, அதுவா வரட்டும்.

குட்டியா இருந்தா கணக்கு வேற. மூணாவது வாரத்துல இருந்து சுமார் பதினாலாவது வாரம் வரைக்கும் அதோட மூளை புதுசை பயமில்லாம ஏத்துக்கும், அதே சமயம் தாய்கிட்ட இருந்து வந்த ஆன்டிபாடி (நோயை எதிர்க்கிற புரதம்) தடுப்பூசியை வேலை செய்ய விடாம தடுக்கும், அதனால தான் பார்வோங்கிற வைரஸ் நோய்க்கான ஊசியை பதினாறு வாரம் வரைக்கும் திரும்ப திரும்ப போடுறாங்க. ஊசி எல்லாம் முடியுற வரைக்கும் தெருவுல இறக்காம தோள்ல தூக்கிட்டு போய் பஸ்ஸு, ஆட்டோ, மாடு எல்லாத்தையும் காட்டிட்டு வந்துரலாம்.

மணி நாலாவது நாள் ராத்திரி தட்டை காலி பண்ணான். அதுவரைக்கும் சுருண்டு ஒரு காதை தூக்கிட்டே தூங்கினவன், பத்தாவது நாளோ என்னவோ ஹால் நடுவுல பக்கவாட்டா நீட்டி படுத்துட்டான், கொஞ்ச நேரத்துல கால் வெடுக் வெடுக்னு இழுக்குது, கண்ணு இமைக்குள்ள உருளுது, கனவு வர்ற ஆர்ஈஎம் தூக்கத்துக்கு போயிட்டான். நான் போட்டோ எடுக்க எந்திரிச்சேன். "சும்மா இருடா, எதையோ தொரத்திட்டு இருக்கான், எழுப்பி விட்றாத"ன்னு அம்மா சீரியல் சத்தத்தை குறைச்சாங்க.