கேள்வி கேட்ட பிறகு வரும் மூன்று விநாடி

வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்காக ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருப்பார்? அமெரிக்காவில் அறிவியல் கல்வி ஆய்வாளரான மேரி பட் ரோ, தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளை டேப்பில் பதிவுசெய்து இதை அளந்து பார்த்தார். 1970களில் அவர் வெளியிட்ட முடிவு இதுதான்: சராசரியாக ஒரு விநாடி. அதற்குள் யாரும் வாய் திறக்காவிட்டால் ஆசிரியர் கேள்வியை மாற்றிக் கேட்டார், அல்லது வேறு பிள்ளையைக் கூப்பிட்டார், அல்லது தானே விடையைச் சொல்லிவிட்டார். பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகும் அதே அவசரம்தான். ஒரு விநாடிகூட ஆகாமல் 'குட்' என்றொரு சொல், உடனே அடுத்த கேள்வி.

ஆசிரியர்–மாணவர் உறவு என்றால் பாசம், கனிவு, சிரித்த முகம் என்றுதான் பொதுவாகப் பேசுகிறோம். அவை வேண்டும்தான். ஆனால் அந்த உறவு உண்மையில் உருவாகும் இடம் இந்தச் சின்ன இடைவெளி என்று நான் நம்புகிறேன். காரணம், ரோ கண்ட இன்னொரு விஷயம். வகுப்பில் நன்றாகப் படிக்கும் ஐந்து பேரையும் பின்தங்கிய ஐந்து பேரையும் குறிப்பிடும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டு, அதன்பின் பதிவுகளை ஒப்பிட்டார். நன்றாகப் படிப்பவர்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு விநாடி கிடைத்தது. பின்தங்கியவர்களுக்கு ஒரு விநாடிக்கும் குறைவு. யாருக்கு யோசிக்க அதிக நேரம் வேண்டுமோ, அவர்களுக்கே குறைவான நேரம்.

இதில் வருத்தமான சங்கதி, இது பெரும்பாலும் நல்ல மனதால் நடக்கிறது என்பதுதான். 'பாவம், எல்லார் முன்னாலும் முழிக்கிறானே' என்று இரக்கப்பட்டு ஆசிரியர் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிறார். அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேரும் செய்தியோ வேறு: 'உனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும்.' பாராட்டிலும் இதே கதைதான். பின்தங்கியவர்கள் என்று கருதப்பட்ட பிள்ளைகளைச் சரியான பதிலுக்கும் பாராட்டினார்கள், தவறான பதிலுக்கும் பாராட்டினார்கள். எதைச் சொன்னாலும் 'குட்' என்றால், தான் சொன்னதை யாராவது காதில் வாங்கினார்களா என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

ஒரு விநாடியில் மூளை என்னதான் செய்ய முடியும்? கேள்வியைப் புரிந்துகொள்ள வேண்டும், படித்ததை நினைவிலிருந்து எடுக்க வேண்டும், அதை வாக்கியமாக்க வேண்டும். அதோடு, 'தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களோ' என்ற கணக்கும் உள்ளே ஓடுகிறது. கேள்வியையும் பாதி யோசித்த விடையையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைக்கும் திறனுக்கு வரம்பு உண்டு. பயமும் கவலையும் அதே திறனில் பங்கு கேட்கின்றன. அதனால் பயந்த பிள்ளைக்குத் தெரிந்த விடையும் வாயில் வராமல் போய்விடுகிறது. ஆசிரியரிடம் நம்பிக்கை வந்துவிட்டால் இந்தச் சுமை குறையும். நல்ல உறவு படிப்புக்கு உதவும் வழிகளில் இது முக்கியமான ஒன்று.

அப்புறம், அந்த இடைவெளியை மூன்று விநாடிக்கு மேல் நீட்டும்படி ரோ ஆசிரியர்களைப் பழக்கினார். பதில்கள் பல மடங்கு நீண்டன. 'தெரியாது' என்பதும் மௌனமும் குறைந்தன. கேட்காமலே பிள்ளைகள் பேச முன்வந்தார்கள், ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் பதில் சொன்னார்கள். பதில் சொன்ன பிறகு விடும் இடைவெளி இதில் பெரிய வேலை செய்தது, ஏனென்றால் பல பிள்ளைகள் தொடர்ந்து யோசித்து, சொன்னதைத் தாங்களே திருத்தினார்கள். அடக்கி உட்கார வைக்கும் தேவையும் குறைந்தது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது: அதுவரை பேசாத பிள்ளைகள் பேசத் தொடங்கியதும், அவர்களைப் பற்றி ஆசிரியர் வைத்திருந்த எண்ணமே மாறியது.

எண்ணம் மாறுவது சின்ன விஷயம் இல்லை. 'இந்தப் பிள்ளைகள் இந்த ஆண்டு பிரமாதமாக முன்னேறுவார்கள்' என்று, சும்மா குலுக்கலில் எடுத்த பெயர்களை ஆசிரியர்களிடம் கொடுத்த ராபர்ட் ரோசென்தால், லெனோர் ஜேகப்சன் இருவரின் 1968ஆம் ஆண்டு ஆய்வு பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெயர்களில் இருந்த பிள்ளைகள் உண்மையிலேயே மற்றவர்களைவிட முன்னேறினார்கள் என்றது அது. அதன் முடிவுகள் மீது இன்றும் சர்ச்சை உண்டு. அது போன்ற 18 சோதனைகளை 1984இல் தொகுத்துப் பார்த்த ஸ்டீஃபன் ராடன்புஷ், அதிகம் பேசப்படாத ஒன்றைக் கண்டார். ஆசிரியருக்கும் பிள்ளைகளுக்கும் அறிமுகமாகி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால், பொய்யான அந்தத் தகவல் அநேகமாக வேலை செய்யவில்லை. பிள்ளையை நேரில் அறிந்த ஆசிரியரிடம், யாரோ ஒட்டிய முத்திரை எடுபடவில்லை. பள்ளி திறந்த முதல் இரண்டு வாரத்தைப் பாடத்தை ஓட்டுவதிலேயே கரைத்துவிடாமல், பிள்ளைகள் பேசுவதைக் கேட்பதற்கு ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

நம்பிக்கையை எழுத்திலும் காட்டலாம். டேவிட் யேகர், ஜெஃப்ரி கோஹன் உள்ளிட்டோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க ஏழாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளை ஆசிரியர்கள் திருத்திக் கொடுத்தார்கள். சிலருடைய தாளில் மட்டும், 'உன்னிடம் நான் நிறைய எதிர்பார்க்கிறேன், உன்னால் முடியும் என்று தெரியும், அதனால்தான் இந்தத் திருத்தங்கள்' என்ற பொருளில் ஒரு துண்டுச் சீட்டு. மற்றவர்களுக்கு அப்படி எதுவும் சொல்லாத சாதாரணச் சீட்டு. சாதாரணச் சீட்டு பெற்ற கறுப்பின மாணவர்களில் 17 சதவீதம் பேர்தான் கட்டுரையைத் திருத்தி எழுதினார்கள். இந்தச் சீட்டு பெற்றவர்களில் 70 சதவீதத்துக்கும் மேல். சிறிய ஆய்வுதான். ஆனாலும், கண்டிப்பும் நம்பிக்கையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்பதை அது நன்றாகக் காட்டுகிறது.

எல்லாக் கேள்விக்கும் மூன்று விநாடி தேவையில்லை. ஏழை எட்டால் பெருக்கினால் எவ்வளவு என்பதற்குச் சட்டென்று பதில் வரட்டும். 'ஏன்', 'எப்படி' என்று தொடங்கும் கேள்விகளுக்குத்தான் இந்த நேரம் வேண்டும். ஆசிரியராக இருப்பவர்கள் ஒரு பீரியட் முழுக்கத் தங்கள் குரலைப் போனில் பதிவுசெய்து, வீட்டில் போய்க் கேட்டுப் பாருங்கள். முன்பெஞ்சுக்கு எத்தனை விநாடி, கடைசி பெஞ்சுக்கு எத்தனை விநாடி என்று தனித்தனியாக எண்ணுங்கள். மறுநாள் கடைசி பெஞ்சிலிருந்து தொடங்குங்கள்.