காதுக்கு எத்தனை எண் போதும்?

தாலி கட்டும் நேரம் நெருங்கியதும் பெரியவர் ஒருவர் ஆள்காட்டி விரலை ஆட்டி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்று குரல் கொடுப்பார். நாதஸ்வரமும் தவிலும் அந்த நொடியே உச்சத்துக்குப் போகும். அந்த வேளையில் யாராவது தும்மினாலோ, குழந்தை வீறிட்டாலோ, வாய்தவறி யாராவது அபசகுனமாகப் பேசிவிட்டாலோ மணமக்கள் காதில் விழக்கூடாது. அதற்குத்தான் இந்த ஏற்பாடு. தும்மல் நிற்பதில்லை. அதன் அலை காற்றில் பரவி மாப்பிள்ளையின் செவிப்பறையையும் தட்டத்தான் செய்கிறது. ஆனாலும் அவருக்குக் கேட்பதில்லை.

எம்பி3 கோப்பு வேலை செய்வது இப்படித்தான். கேட்காத தும்மலை எதற்கு எழுதி வைக்க வேண்டும் என்பது அதன் கேள்வி. ஆனால் அதற்குப் போகும் முன், தும்மலையும் விடாமல் எழுதி வைத்தவர்களைப் பார்த்துவிடுவோம். இன்றைக்கு ஹெட்போன் பெட்டி மேல் "24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து விற்கிறார்களே, அந்த எண்களோடு எனக்குள்ள வழக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். மைக் அதை மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாக மாற்றித் தருகிறது. அதை எண்ணாக்க வேண்டுமென்றால் சீரான இடைவெளியில் அளந்து அளந்து எழுதிக்கொண்டே போக வேண்டும். ஒரு நொடிக்கு எத்தனை முறை அளப்பது? மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸிலிருந்து (ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு இத்தனை முறை) 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அளக்க வேண்டிய உச்ச அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் அலையை ஒரு குறையும் இல்லாமல் மீட்டுவிடலாம் என்பது கணிதத் தேற்றம். சோவியத் நாட்டில் கொத்தெல்னிகோவ் 1933-இலும், அமெரிக்காவில் ஷானன் 1949-இலும் இதை எழுதி வைத்தார்கள். அப்படியானால் 40,000-க்குக் கொஞ்சம் மேலே போதும்.

கொஞ்சம் மேலே ஏன் என்றால், 20,000-க்கு மேல் உள்ள ஒலியை அளப்பதற்கு முன்பே வடிகட்டி எறிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பழைய சினிமாவில் மாட்டுவண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதாகத் தெரியுமே, அந்தக் கோளாறு ஒலியிலும் வரும். நொடிக்கு 44,100 முறை அளக்கும் கருவிக்குள் 30,000 ஹெர்ட்ஸ் நுழைந்தால், அது 14,100 ஹெர்ட்ஸ் என்று வேஷம் போட்டுக்கொண்டு வெளியே வரும். காதுக்கே எட்டாத ஒன்று எட்டுகிற இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்த வடிகட்டியும் கத்தி வெட்டியதுபோல் ஒரே இடத்தில் அறுக்காது. சரிந்து இறங்க அதற்குச் சற்று இடம் வேண்டும்.

சிடியின் கணக்கு நொடிக்கு 44,100 அளவுகள். 44,000 என்று முழு எண்ணாக வைத்திருக்கலாமே, அந்த உபரி 100 எங்கிருந்து வந்தது? இதன் விடை எனக்கு மிகவும் பிடித்தமானது. விடை இசையில் இல்லை, டிவியில் இருக்கிறது.

1970-களின் கடைசியில் எண்ணாக்கிய ஒலியைச் சேமிக்க இடம் இல்லை. நொடிக்குப் பத்து லட்சம் பிட்டுக்கு மேல் (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம்) வந்து கொட்டும். அன்றைய கணினி வட்டுகள் ஒரு பாட்டுக்கே மூச்சு வாங்கும். ஆனால் அவ்வளவு வேகமாக எழுதக்கூடிய ஒன்று ஸ்டூடியோக்களில் ஏற்கெனவே இருந்தது: வீடியோ டேப். சோனி நிறுவனத்தார் எண்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கி, டிவி படம் என்று நம்பவைத்து, யூ-மேட்டிக் டேப்பில் பதிந்தார்கள். படத்தின் ஒவ்வொரு கிடைக்கோட்டிலும் மூன்று அளவுகள் அடங்கின. அமெரிக்க, ஜப்பானிய முறையில் நொடிக்கு 60 புலங்கள் (அரைப் படங்கள்), ஒவ்வொன்றிலும் பயன்படுத்தத் தக்க கோடுகள் 245. பெருக்கிப் பாருங்கள்: 3 × 245 × 60 = 44,100. ஐரோப்பிய முறையில் 50 புலங்கள், 294 கோடுகள். 3 × 294 × 50. அதுவும் 44,100! இரண்டு கண்டத்து டிவிக்கும் பொருந்திய எண். வடிகட்டிக்கும் இடம் விட்டது. அதையே குறுந்தகட்டுக்கும் வைத்துக்கொண்டார்கள். 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் முதல் சிடி பிளேயர் விற்பனைக்கு வந்தபோது அதற்குள் இந்த டிவிக் கணக்கு உட்கார்ந்திருந்தது. யூ-மேட்டிக் டேப்பை இன்றைக்கு யாரும் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. அதன் எண் மட்டும் உங்கள் போனுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு குடும்பச் சண்டையும் உண்டு. வீடியோத் தொழில் 48,000 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டது. நொடிக்கு 24, 25, 30 என எத்தனை படச்சட்டம் ஓடினாலும் மிச்சமில்லாமல் வகுபடும் நல்ல எண் அது. ஆனால் 44,100-க்கும் 48,000-க்கும் உள்ள விகிதம் 147-க்கு 160. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது முழக்கோலால் அளந்த துணியை அடிக்கோலால் மறுபடி அளப்பது போன்ற தலைவேதனை. மாற்றும் மென்பொருள் நன்றாக எழுதப்பட்டிருந்தால் காதுக்குத் தெரியாது. எல்லோரும் நன்றாக எழுதுவதில்லை.

இனி ஒரு பழைய பொய்யைப் பார்ப்போம். டிஜிட்டல் ஒலி என்றால் படிக்கட்டு மாதிரி ஒரு படம் போடுவார்கள். வழவழப்பான அலைக்குப் பக்கத்தில் வெட்டுவெட்டாக ஒரு ஏணி. "பார்த்தீர்களா, இடையில் உள்ளதெல்லாம் போய்விட்டது" என்பார்கள். போகவில்லை. வாசலில் புள்ளி வைத்துவிட்டால், அதே புள்ளிகளில் அம்மா ஒரு கோலம் போடுவாள், எதிர்வீட்டு அக்கா வேறொரு கோலம் போடுவாள். ஒலிப்புள்ளிகளில் அந்தச் சுதந்திரம் கிடையாது. "44,100-இல் பாதியான 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இல்லை" என்று விதி வைத்துவிட்டதால், எல்லாப் புள்ளிகளையும் தொட்டுப் போகக்கூடிய கோடு ஒன்றே ஒன்றுதான். பிளேயர் வரைவது அந்த ஒரே கோட்டை. பிளேயரின் வெளிவாயில், அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வைத்துப் பார்த்தால் படிக்கட்டு தெரியாது, வழவழப்பான அலைதான் தெரியும். 192 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 1,92,000 அளவுகள் என்று புள்ளிகளை இன்னும் நெருக்கமாக வைத்தால் கோடு அழகாகாது. காதுக்கு எட்டாத அதிர்வெண்களுக்கு இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது பிட். ஒவ்வோர் அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுவது என்ற கேள்வி. 16 பிட் என்றால் 65,536 படிநிலைகள். அளவைப் பக்கத்துப் படிக்கு முழுமையாக்கும்போது ஏற்படும் சிறு பிழை மெல்லிய இரைச்சலாக மாறுகிறது. ஒரு பிட் கூடினால் அந்த இரைச்சல் 6 டெசிபெல் கீழே இறங்கும். 16 பிட்டுக்கு ஏறக்குறைய 96 டெசிபெல். நள்ளிரவில் அமைதியான வீட்டிலேயே 30 டெசிபெல் அளவுக்கு ஓசை இருக்கும். அதற்கு மேல் 96 என்றால் 126; காது வலிக்கத் தொடங்கும் இடம். நடுவில் உள்ளதுதான் இசை. பிலிப்ஸ் நிறுவனத்தாருக்கு இவ்வளவுகூடத் தேவைப்படவில்லை, 14 பிட் போதும் என்றுதான் வாதாடினார்கள். சோனி விடாப்பிடியாக 16-இல் நின்று ஜெயித்தது. தோற்ற பிலிப்ஸ் தன் முதல் பிளேயரில் எண்ணை ஒலியாக்கும் அந்த 14 பிட் சில்லையே (சிப்) வைத்து, நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டி, இரைச்சலைக் காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளிவிட்டு ஏறக்குறைய 16 பிட்டின் தரத்தைக் கொண்டுவந்தது. பொறியாளர்களின் ரோஷம் இப்படித்தான் வெளிப்படும்.

24 பிட் வீண் என்று சொல்லவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் அது அவசியம். பாடகர் எந்த நேரத்தில் குரலை உயர்த்துவார் என்று தெரியாது. மட்டத்தைத் தாழ்த்தி வைத்துப் பதிந்துகொண்டு பிறகு ஏற்றிக்கொள்ளலாம். தையல்காரர் உள்ளே துணி விட்டுத் தைப்பதுபோல. ஆனால் சட்டையைப் போட்டுக்கொள்பவருக்கு அந்த உள்மடிப்பைத் தனியாக விலை சொல்லி விற்பது வியாபாரம்.

இப்போது கெட்டிமேளத்துக்கு வருவோம். சிடியில், இடது வலது என இரண்டு தடத்துக்கும் சேர்த்து, நொடிக்கு 44,100 × 16 × 2 = 14,11,200 பிட். ஒரு நிமிடப் பாட்டுக்குப் பத்து மெகாபைட்டுக்கு மேல். ஜெர்மனியின் எர்லாங்கனில் பிரௌன்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவரது குழுவினரும் இதைப் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே கொண்டுவரப் பார்த்தார்கள். வழி: காதை ஏமாற்றுவது.

ஓர் அதிர்வெண்ணில் பலத்த ஒலி இருந்தால், அதையொட்டிய அதிர்வெண்களில் உள்ள மெல்லிய ஒலிகள் நமக்குக் கேட்காது. உட்செவியின் சவ்வில் பெரிய அதிர்வு சிறிய அதிர்வை மூழ்கடித்துவிடுகிறது. பலத்த ஒலி நின்ற பிறகும் சிறிது நேரம் காது மந்தமாகவே இருக்கும். எம்பி3 குறியாக்கி ஒலியைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் 576 அதிர்வெண் பட்டைகளாகப் பிரிக்கிறது. எந்தப் பட்டையில் கெட்டிமேளம், எதில் தும்மல் என்று கணக்குப் போடுகிறது. தும்மலைத் தூக்கி எறிகிறது. அதைவிடத் தந்திரமான வேலை இன்னொன்று: மேளம் ஒலிக்கும் பட்டையை அரைகுறைத் துல்லியத்தில் எழுதுகிறது. அதனால் எழும் இரைச்சலை அந்த மேளமே மறைத்துக்கொள்ளும் அல்லவா? மிஞ்சியதை, அடிக்கடி வரும் எண்ணுக்குச் சின்னக் குறியும் அரிதாக வருவதற்கு நீளக் குறியும் கொடுத்து இன்னும் சுருக்குகிறது. நொடிக்கு 14 லட்சம் பிட் 1,28,000 ஆகிவிடுகிறது. பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரே தகட்டில் 150 பாட்டு விற்றார்களே, அந்தக் கணக்கு இதுதான்.

ஏமாற்று வேலை எங்கே பிடிபடும்? மேளம் இல்லாத இடத்தில். பிராண்டன்பர்க் சோதனைக்கு எடுத்துக்கொண்ட பாட்டு சூசன் வேகா எந்தப் பக்கவாத்தியமும் இல்லாமல் தனிக்குரலில் பாடிய 'டாம்ஸ் டைனர்'. ஒற்றைக் குரல், சுற்றிலும் மௌனம். இரைச்சலை ஒளித்துவைக்க ஒரு மூலைகூட இல்லை. ஆரம்பத்தில் அந்தக் குரல் படுமோசமாகக் கேட்டது. அதைச் சீராக்கச் சீராக்கத்தான் வடிவம் தேறியது.

இன்னொன்று திடீர் அடி. மிருதங்கத்தில் மௌனத்துக்குப் பிறகு சட்டென்று ஒரு சாப்பு விழுகிறது என்று வையுங்கள். அது துண்டின் கடைசியில் விழுந்தால், அதன் இரைச்சல் துண்டு முழுவதும் பரவி, அடி விழுவதற்கு முன்பே 'ஷ்' என்று ஒரு நிழல் கேட்கும். பின்னால் வரும் நிழலைக் காது மன்னிக்கும், முன்னால் வருவதை அவ்வளவாக மன்னிக்காது. அதனால் இப்படிப்பட்ட இடங்களில் குறியாக்கி துண்டைக் குட்டையாக்கிக்கொள்ளும். பிட் போதாதபோது இதெல்லாம் உதவாது. 128 கிலோபிட் பஜனைப் பாட்டில் ஜால்ரா தண்ணீருக்குள் தட்டியதுபோல் கேட்பது அதனால்தான். 2012-இல் தரநிலையாக அறிவிக்கப்பட்ட ஓபஸ் என்ற சுருக்க முறை இதே வேலையை இன்னும் குறைந்த பிட்டில், எவருக்கும் உரிமத்தொகை கட்டாமல் செய்கிறது. எம்பி3-யின் உரிம வசூலும் 2017-இல் முடிந்துவிட்டது. பழசுக்குத்தான் இன்னும் மவுசு.

எதையும் எறியாமல் சுருக்கவும் வழி உண்டு. ஃபிளாக் கோப்பு அடுத்த அளவு என்னவாக இருக்கும் என்று முன்கூட்டி ஊகித்து, ஊகம் தவறிய வித்தியாசத்தை மட்டும் எழுதும். விரித்தால் ஒரு பிட்டும் குறையாது. பாதுகாத்து வைக்க அதுதான். என் சிடிகளை எல்லாம் அப்படித்தான் ஏற்றி வைத்திருக்கிறேன்.

ஆனால் 192 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக் வாங்கி ப்ளூடூத் காதணியில் கேட்பவரிடம் என்ன சொல்வது? அந்தக் கோப்பு விரிந்தால் நொடிக்கு 92 லட்சம் பிட். ப்ளூடூத்தில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எஸ்பிசி முறையில் போவது வழக்கமாக அதிகபட்சம் 328 கிலோபிட். வாசலில் மறுபடி ஒரு கெட்டிமேளம் நடந்துதான் பாட்டு உள்ளே போகிறது. சோனியின் எல்டேக் முறைகூட 990 கிலோபிட்தான், சிடியைவிடக் குறைவு. 2007-இல் அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் சிடியைவிட நுணுக்கமாகப் பதிந்த எஸ்ஏசிடி என்ற உயர்தரத் தகட்டின் ஒலியை நேரடியாகவும், நடுவே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் பெட்டி வழியாக அனுப்பியும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். வழக்கமான ஒலி அளவில், கேட்டவர்கள் சரியாகச் சொன்னது ஏறக்குறைய பாதி. நாணயம் சுண்டினாலும் அதே பாதி.

பிளக் விஷயத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. போனில் 3.5 மில்லிமீட்டர் துளையை எடுத்துவிட்டு டைப்-சி கொடுத்தார்களே, அதில் இரண்டு விதமான ஒலிக் கம்பி உண்டு. ஒன்றில் எண்ணை ஒலியாக்கும் சில்லு கம்பிக்குள்ளேயே இருக்கும். மற்றதில் வெறும் கம்பிதான். சில்லு போனுக்குள் இருக்க வேண்டும். இரண்டும் பார்க்க ஒன்றே போல. முதல் முறை நான் வாங்கியது வெறும் கம்பி. என் போனிலோ எண்ணை ஒலியாக்கி அந்தத் துளை வழியே வெளியே அனுப்பும் வசதி இல்லை. கடைக்காரர் "பிளக் பொருந்துதுல்ல சார்?" என்றார். பொருந்தியது.

போன மாதம் வீட்டில் சோதனை வைத்துக்கொண்டோம். எது எது என்று தெரியாமல், 16 முறை. ஃபிளாக்கையும் 320 கிலோபிட் எம்பி3-யையும் நான் 9 முறை சரியாகப் பிரித்தேன்; அதாவது பிரிக்கவில்லை. 128-ஐ ஜால்ரா காட்டிக்கொடுத்தது, 15 சரி. பிறகு கணினியில் ஒற்றைச் சுரத்தை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போனோம். 13,000 ஹெர்ட்ஸில் எனக்கு உலகம் அமைதியாகிவிட்டது. பன்னிரண்டு வயது மகள் 17,000-இலும் காதைப் பொத்திக்கொண்டு "நிறுத்துப்பா" என்றாள். வீட்டில் நல்ல ஹெட்போன் என்னிடம்தான் இருக்கிறது. அவள் பாட்டுக் கேட்பது போன் ஸ்பீக்கரில்.