சிலபஸ் வேறு, கரிகுலம் வேறு: தமிழில் என்ன சொல்வது?

காரைக்குடியில் ஒரு கல்யாண வீடு. பந்தி முடிந்து முகப்பில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்த ஆச்சி ஒருவர் என்னிடம் கேட்டார்: “பேரன எந்தப் பள்ளிக்கூடத்துல போட்டிருக்கீக? அங்க என்ன சிலபஸ்?” சொன்னேன். “நல்ல சிலபஸ்தான்” என்றார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையின் படிப்பு முழுவதையும் இந்த ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் ஆச்சி கேட்க நினைத்தது சிலபஸ் பற்றி அல்ல. அந்தப் பள்ளியில் பிள்ளை எப்படி வளரும், என்னவாக வெளியே வரும் என்பதுதான் அவர் கேள்வி. அதற்குரிய சொல் கரிகுலம். இரண்டுக்கும் தமிழில் ‘பாடத்திட்டம்’ என்றே எழுதிப் பழகிவிட்டதால், வேறுபாடு நம் கண்ணிலிருந்தே மறைந்துவிட்டது.

சிலபஸ் என்ற சொல் பிறந்ததே ஓர் எழுத்துப் பிழையில். ரோமாபுரியின் புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோ, கி.மு. 56 வாக்கில் தன் நண்பர் அட்டிக்கஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். என் நூல்களை ஒழுங்குபடுத்த ஆள் அனுப்புங்கள், பெயர்ச்சீட்டு செய்யக் கொஞ்சம் தோலும் எடுத்துவரச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு, அந்தச் சீட்டுக்குக் கிரேக்கர் வழங்கும் ‘சித்திபா’ என்ற பெயரையும் குறிப்பிட்டார். அந்தக் காலத்து நூல்கள் சுருள்கள். அடுக்கில் கிடக்கும் சுருளைப் பிரிக்காமலே இன்ன நூல் என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக முனையில் தொங்கவிடும் சின்னத் தோல் துண்டுதான் சித்திபா. 15ஆம் நூற்றாண்டில் அந்தக் கடிதங்களை அச்சிட்டபோது அந்தச் சொல்லைத் தவறாகப் படித்து ‘சிலபஸ்’ ஆக்கிவிட்டார்கள். பிழையே நிலைத்துவிட்டது. (நம் கடைகளின் ‘சிட்டை’யோடு ஒலி ஒத்துப்போகிறது என்று முடிச்சுப் போட வேண்டாம். அதன் வழி வேறு.)

ஆக, சிலபஸ் என்றால் அடிப்படையில் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் சீட்டு, பட்டியல். அதற்குப் ‘பாடத்திட்டம்’ மிகப் பொருத்தம். ‘பாடம்’ வடமொழியின் ‘பாட’ என்பதிலிருந்து வந்தது. ஓதுவது, படிப்பது என்று பொருள். மனப்பாடம், பாடபேதம் எல்லாம் அந்த வழிதான். ஓத வேண்டியவற்றை வரிசைப்படுத்திய திட்டம் பாடத்திட்டம். “போர்ஷன் முடிந்ததா?” என்று வீட்டில் கேட்கிறோமே, அதற்குப் ‘பாடப்பகுதி’ என்ற சொல் தயாராகவே இருக்கிறது.

கரிகுலத்தின் வேர் இலத்தீனில் ‘ஓடு’ என்னும் வினை. ஓட்டம், பந்தய ஓட்டம், பந்தயத் தேர் என்று அதற்குப் பல பொருள். வேலைக்கு அனுப்பும் சி.வி.யில் முதல் எழுத்து இந்தக் கரிகுலம்தான், வாழ்க்கை ஓட்டம் என்ற பொருளில். கல்விக்கு இந்தச் சொல்லை ஆண்டதற்கு 1582இல் நெதர்லாந்தின் லெய்டனிலும் 1633இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலும் பதிவு உண்டு. மாணவன் நுழைந்த நாள் முதல் வெளியேறும் நாள்வரை ஓடி முடிக்கும் பாதை முழுவதையும் அது குறித்தது. எதற்காகப் படிக்கிறான், எந்த வயதில் எது, யார் எப்படிச் சொல்லிக் கொடுப்பது, கற்றானா என்று எப்படித் தெரிந்துகொள்வது, எல்லாம் இதில் அடங்கும்.

சிலபஸ் எழுதப்படாமலே கரிகுலம் நடக்கும். அதற்குச் சான்று தேட நான் வெளியூர் போக வேண்டியதில்லை. எங்கள் ஐயா சிறுவயதிலேயே பர்மாவுக்குக் கப்பலேறி, ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர். கணக்குப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை, அப்புறம் கடிதம் நகலெடுப்பது, பேரேடு எழுதுவது, அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாக ஏற்றம். போகுமுன் ஊரில் எண்சுவடி, அதாவது பின்னக் கணக்கும் சேர்ந்த வாய்ப்பாடு, முடித்திருந்தார். தொண்ணூறு வயதை நெருங்கும்போதும் “அரைக்கால் அரைக்கால்?” என்று நாங்கள் கேட்டால் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே “கால்வீசம்” என்பார். எட்டில் ஒன்றை எட்டில் ஒன்றால் பெருக்கினால் அறுபத்து நான்கில் ஒன்று. தாளும் பென்சிலும் எடுத்து நான் சரிபார்த்து முடிப்பதற்குள் அவர் வெற்றிலையை மடித்திருப்பார். ஐந்தொகை எடுக்கும், அதாவது வரவு செலவைக் கூட்டிக் கணக்கு முடிக்கும் நாளில் மேலாள் போடும் கேள்விதான் அவருக்குத் தேர்வு. அந்தப் படிப்பு ஆண்களுக்கு, அதிலும் ஒரு சமூகத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே கிடைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி என்று அரசுகள் இறங்கியபோது பட்டியல் தேவைப்பட்டது. இன்றைய ஜெர்மனிப் பக்கத்து அரசான பிரஷ்யா 1763இல் 5 வயது முதல் 13 வரை கட்டாயக் கல்வி என்று ஆணையிட்டது. ஜப்பான் 1872இல் அந்த வழிக்கு வந்தது. இங்கிலாந்தில் நடந்ததுதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. 1862இல் அங்கே ஒரு விதி வந்தது: ஆய்வாளர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பிள்ளைகளைச் சோதிப்பார், தேறுவதைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம். பள்ளிகள் என்ன செய்யும்? மானியம் தரும் மூன்றையே திரும்பத் திரும்ப ஒப்பிக்க வைத்தன, மற்றவை ஓரம் போயின. சிலபஸ் கரிகுலத்தை விழுங்கிய கதை இது. அந்த முறையை முழுதாகக் கைவிட 1890கள் ஆயின.

சுவீடன்காரர்கள் இந்தக் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. முழுப் பாதைக்கு ‘லேரூப்ளான்’, தனித்தனிப் பாடத்துக்குக் ‘குர்ஸ்ப்ளான்’ என்று இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். பின்லாந்தில் நாடு முழுவதற்கும் ஒரு மையச் சட்டகம் உண்டு. அதன் மேல் நகராட்சிகளும் பள்ளிகளும் தங்கள் கரிகுலத்தை எழுதிக்கொள்கின்றன. இப்போதுள்ள சட்டகம் 2016இல் நடைமுறைக்கு வந்தது. இதைப் ‘பின்லாந்து பாடத்திட்டம்’ என்று தமிழில் எழுதினால், ஏதோ எளிதான பாடப்புத்தகம் வைத்திருக்கிறார்கள் போல என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

சரி, கரிகுலத்துக்குத் தமிழ் என்ன? ‘கலைத்திட்டம்’. ஆசிரியர் பயிற்சி நூல்களில் நெடுநாளாக இருக்கிறது. இலங்கைத் தமிழர்களிடம் அன்றாட வழக்கு. அங்கே ‘பாடவிதானம்’ என்பதும் உண்டு, ஆனால் விதானம் என்றதும் நம் காதுக்குச் சாமிக்கு மேலே கட்டும் துணிதான் நினைவுக்கு வரும். ‘கலை என்றால் ஆட்டமும் பாட்டும்தானே, கணக்குக்கும் அறிவியலுக்கும் எப்படிப் பொருந்தும்?’ என்று சிலர் கேட்கிறார்கள். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தைத் தாண்டித்தான் அவர்களும் நானும் போய் வருகிறோம். அங்கே இயற்பியலும் மேலாண்மையும் கற்பிக்கிறார்கள். பல்கலை, இளங்கலை, முதுகலை எல்லாவற்றிலும் ‘கலை’ என்பது கற்கத்தக்க துறை என்ற பொருளில்தான் நிற்கிறது.

இந்தச் சொல் கைவந்தால் இன்னொரு சிக்கலும் தீரும். விளையாட்டு, தோட்டம், பாட்டு இவற்றை ‘எக்ஸ்ட்ரா கரிகுலர்’ என்கிறோம். கலைத்திட்டம் பிள்ளையின் முழு ஓட்டம் என்றால் இவை அதற்கு வெளியே எப்படி இருக்கும்? பாடப் பட்டியலுக்கு வெளியே இருக்கலாம், அவ்வளவுதான். அதனால் ‘பாட இணைச் செயல்பாடு’ என்று சில பள்ளிகளில் எழுதுவதே சரி. அடுத்த முறை அந்த ஆச்சியைப் பார்த்தால், பேரனின் பள்ளியில் செவ்வாய்க்கிழமை தோறும் காய்கறிப் பாத்தி போடுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.