சுமக்காமல் பாலூட்ட முடியுமா?

தத்தெடுக்கக் காத்திருப்பவர்களும் வாடகைத்தாய் மூலம் பிள்ளை பெறுகிறவர்களும் பாலூட்டல் ஆலோசனைக்கு வரும்போது, இந்தக் கேள்வியைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் கேட்பார்கள். கூட வரும் மாமியாருக்கு அந்தக் கூச்சம் கிடையாது: “வயித்துல சுமக்காம பால் எப்படிம்மா ஊறும்?”

ஊறும். பாலுக்கு உத்தரவு போடுவது கருப்பை இல்லை, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் மார்பில் பால் நாளங்களையும் பால் பைகளையும் வளர்க்கின்றன. அதே புரோஜெஸ்டிரோன்தான் பால் பெருகாமல் தடுத்தும் வைக்கிறது. பிரசவமாகி நஞ்சுக்கொடி விழுந்ததும் அந்தத் தடை விலகும். பிட்யூட்டரி சுரக்கும் பால் ஹார்மோனான புரோலாக்டின் வேலையைத் தொடங்கும், 2 முதல் 4 நாளில் பால் இறங்கும். அப்புறம் எல்லாமே எடுப்பதைப் பொறுத்ததுதான். எடுக்க எடுக்கச் சுரக்கும், தேங்கிக் கிடந்தால் சுரப்பு குறையும். அதனால் கருப்பையை அகற்றிய பெண்ணுக்கும் பால் வர வாய்ப்பு உண்டு.

மருந்தில்லாத வழி, பம்ப் வைத்தோ கையாலோ 2–3 மணி நேரத்துக்கு ஒருமுறை மார்பைத் தூண்டுவது. இரவில் புரோலாக்டின் அதிகம் என்பதால் ராத்திரி ஒருமுறையாவது எழ வேண்டும். வாரக்கணக்கில் ஒன்றுமே வராது. பிறகு ஒருநாள் காம்பு நுனியில் பிசுபிசுப்பாக ஒரு சொட்டு நிற்கும். சுறாப்புட்டும் பூண்டும் தாராளமாகச் சாப்பிடட்டும், நல்ல சாப்பாடுதான். பம்ப் செய்ய வேண்டிய வேலையை அவை செய்யாது.

மருந்தோடு செய்யும் முறையை கனடாவின் மருத்துவர் ஜாக் நியூமனும் லெனோர் கோல்ட்ஃபார்ப்பும் வகுத்தார்கள். கருத்தடை மாத்திரையும், புரோலாக்டினைக் கூட்டும் வாந்தி மருந்தான டோம்பெரிடோனும் சில மாதங்கள் கொடுத்து உடம்பைக் கர்ப்பம் போலத் தயார்ப்படுத்துவார்கள். பிறகு கருத்தடை மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டுப் பம்ப் செய்யச் சொல்வார்கள். யூடியூபில் பார்த்து மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடுகிற காரியம் இல்லை இது. டோம்பெரிடோன் இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கக்கூடும். பால் பெருக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2004லேயே எச்சரித்தது. கருத்தடை மாத்திரையால் ரத்தம் உறையும் அபாயமும் உண்டு, 35 வயதைத் தாண்டியவர்களுக்கு, பிபி இருப்பவர்களுக்கு இன்னும் கூடுதல். ஈசிஜி பார்த்து, மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே.

வாடகைத்தாய் என்றால் பிரசவத் தேதி தெரியும், முன்கூட்டியே தயாராகலாம். தத்தெடுப்பில் அந்த வசதி இல்லை. பெற்றவர் ஒப்படைத்த குழந்தைக்கு, அவர் மனம் மாற இரண்டு மாத அவகாசத்தைச் சட்டமே தருகிறது. ஆக, கைக்கு வரும்போது குழந்தை பாட்டிலுக்குப் பழகியிருக்கும், மார்பில் வாய் வைக்க மறுத்து அழும். அங்கே மெல்லிய குழாய் உதவும். ஒரு முனையைக் காம்பருகே ஒட்டி, மறுமுனையை ஃபார்முலா பாலில் போட்டால், சப்பும்போதே வயிறு நிறையும், மார்பும் தூண்டப்படும்.

பலருக்கு முழு வயிற்றுக்குப் பால் வருவதில்லை. வந்ததைக் கொடுங்கள், மீதிக்குப் புட்டிப்பாலோ தாய்ப்பால் வங்கியில் கிடைக்கும் பாலோ இருக்கட்டும். நாளுக்கு ஆறு முறையாவது குழந்தை சிறுநீர் கழிக்கிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். குழந்தை மருத்துவரைக் கேட்காமல் ஃபார்முலாவின் அளவைக் குறைக்காதீர்கள்.