காவிரிப் படுகைக் கொல்லையில் சின்ன வெங்காயம்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்து வீட்டுக் கொல்லைகளில் சின்ன வெங்காயம் அழுகுகிறது என்றால், பெரும்பாலும் அது ஐப்பசியில் நட்டதாக இருக்கும். பெரம்பலூரிலும் துறையூரிலும் அந்தப் பட்டம் சரிதான். அங்கே மேட்டு நிலம், பெய்த தண்ணீர் நிற்காது. நம் களிமண்ணில் கார்த்திகை அடைமழை ஒரு வாரம் தேங்கினால் வேர் மூச்சடைத்துவிடும். மழை ஓய்ந்து தை பிறந்ததும் நடுங்கள். பங்குனியில் காய் எடுத்துவிடலாம்.

களிமண்ணை இளக்க நான்கு சட்டி மணலைக் கொட்டுவது வழக்கம். கொஞ்சம் மணல் சேர்ந்த களி காய்ந்தால் செங்கல்தான். அதற்குப் பதில் மட்கிய சாணமும் கருக்கிய உமியும் போடுங்கள். பத்தடிக்கு நாலடி மேட்டுப்பாத்தி, முக்கால் அடி உயரம். அதற்கு 10 முதல் 15 கிலோ தொழு உரம், அரை கிலோ வேப்பம் புண்ணாக்கு. சாணம் பச்சையாக இருக்கவே கூடாது. புழுவும் அழுகலும் அதோடு வரும்.

விதைக்குத் தாளும் காயுமாக வந்திறங்கும் புது வெங்காயம் ஆகாது. எடுத்து இரண்டு மாதமாவது ஆறியிருந்தால்தான் ஒரே சீராக முளைக்கும். புதுக்காய் நட்டால் பாதி முளைத்து பாதி தூங்கும். நடுத்தரக் காயாக, கெட்டியாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். மேற்சொன்ன பாத்திக்கு ஒன்றேகால் கிலோ போதும். கொத்தைத் தனித்தனியாகப் பிரித்து, காய்ந்த வாலைக் கிள்ளி, லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (அழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு நிழலில் உலர்த்தி நடுங்கள். வரிசைக்கு வரிசை 15 செ.மீ., காய்க்குக் காய் 10 செ.மீ. வேர்ப்பக்கம் கீழே, நுனி மண் மட்டத்தில் லேசாகத் தெரிய வேண்டும். ஆழப் புதைத்தால் காய் பருக்காது.

நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர். பிறகு விரலை இரண்டு அங்குலம் நுழைத்து, ஈரம் ஒட்டாவிட்டால் மட்டும் பாய்ச்சுங்கள். வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது. தை, மாசிப் பனியில் தாளில் ஈரம் தங்கினால் ஊதா நிறப் புள்ளி நோய் வரும். அதனால் பூவாளியால் தலைக்கு ஊற்றாமல் காலையில் அடியில் விடுங்கள். களை மட்டும் முதல் 45 நாள் தலைகாட்டக் கூடாது. வெங்காயத்தின் வேர் மேலாகவே ஓடும்; களைக்கொட்டால் ஆழக் கொத்தினால் அந்த வேரும் அறுபடும்.

தாளில் வெள்ளி மின்னுவது போல் கோடுகள் தெரிந்தால் இலைப்பேன். குருத்து இடுக்கில்தான் ஒளிந்திருக்கும் என்பதால் மேலோட்டமாகத் தெளித்துப் பயனில்லை. லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலம் குருத்துக்குள் இறங்கும்படி தெளியுங்கள். தாள் மஞ்சளாகி, இழுத்தால் காய் கையோடு வந்து அடி கூழாக இருந்தால் அது அடியழுகல். அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்தி, தண்ணீரை நிறுத்துங்கள். அந்தப் பாத்தியில் அடுத்த ஆண்டு பூண்டோ வெங்காயமோ வேண்டாம். வேதாரண்யம், நாகப்பட்டினக் கடலோரத்தில் நுனி மட்டும் கருகினால் மருந்து தேடாதீர்கள். போர்த் தண்ணீரின் உப்பு காரணமாக இருக்கலாம். வெங்காயம் உப்பு தாங்காத பயிர். சாம்பலிலும் உப்பு உண்டு என்பதால் அங்கே அதையும் அளவாகப் போடுங்கள்.

ஒரு சபலத்தைச் சொல்லியாக வேண்டும்: பொரியலுக்கென்று தாளைக் கிள்ளுவது. காயைப் பருக்க வைப்பதே தாள்தான். தாள் வேண்டுமென்றால் ஒரு வரிசையை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். பாதிப் பருவத்துக்கு மேல் யூரியா போட்டால் தாள் செழிக்கும், கழுத்து தடிக்கும். அந்தக் கழுத்து காயாது, காய் இருப்பில் அழுகும்.

65 முதல் 75 நாளில் கழுத்து துவண்டு தாள் சாயத் தொடங்கும். பாதிக்கு மேல் சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, ஒரு வாரம் பத்து நாள் பாத்தியைக் காய விடுங்கள். ஈரமண்ணில் பிடுங்கிய காய் எவ்வளவு அழகாக இருந்தாலும் நிற்காது. பிடுங்கியதைத் தாளோடு இரண்டு நாள் பாத்தியிலேயே போடுங்கள். ஒரு வரிசைத் தாள் அடுத்த வரிசைக் காயை மூட வேண்டும், இல்லையேல் வெயிலில் காய் வெந்துபோகும். பிறகு பத்து நாள் நிழலில் ஆற்றி, முடிச்சாகக் கட்டிக் காற்றோடும் இடத்தில் தொங்க விடுங்கள். கழுவக் கூடாது, சாக்கில் கட்டவும் கூடாது. ஒரு பாத்திக்கு நாலைந்து கிலோ வந்தால் நல்ல மகசூல்.

பங்குனியில் எடுத்த காய் அடுத்த தை வரை விதையாகத் தாங்காது. அதில் கொஞ்சத்தை ஆனியில் நட்டு ஆவணியில் எடுத்துக்கொண்டால், அந்தக் காய் தைப் பட்டத்துக்கு விதையாக நிற்கும்.