காக்கா ஆழியைக் கண்ணில் படுமுன் கண்டறியும் வழி

எண்ணூர் கழிமுகத்தில் இறங்கி இறாலைக் கையால் தடவிப் பிடிப்பவர்களின் விரல்களில் இப்போது தட்டுப்படுவது, ஒன்றோடொன்று பின்னிச் சேற்றை மூடிக் கிடக்கும் கறுத்த சிப்பிகள். மீனவர்கள் இதைக் காக்கா ஆழி என்கிறார்கள். மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா என்னும் இந்த மெல்லுடலியின் தாயகம் மத்திய, தென் அமெரிக்கக் கரையோரங்கள். கப்பல்கள் சமநிலைக்காக நிரப்பிக்கொள்ளும் நீரிலோ, அவற்றின் அடிப்பாகத்தில் ஒட்டியோ இது வந்திருக்கக்கூடும். இதன் இளம்புழுக்கள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரில் மிதந்து திரிவதால், ஓடுகள் கையில் தட்டுப்படும்போது காலம் கடந்துவிட்டிருக்கும்.

இந்தத் தாமதத்தைக் குறைக்க உதவுவது சுற்றுச்சூழல் டி.என்.ஏ. சோதனை. நீரில் வாழும் எந்த உயிரினமும் சளி, கழிவு, உதிர்ந்த செல்கள் வழியாகத் தன் மரபுப் பொருளைச் சிறிது சிறிதாக நீரில் விட்டபடியே இருக்கும். ஓரிரு லிட்டர் நீரை மிக நுண்ணிய துளைகள் கொண்ட வடிதாளில் வடித்து, அதில் தங்கும் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் கேட்டுப் பழகிய பி.சி.ஆர். முறையில் பெருக்குகிறார்கள். தேடும் இனத்தின் மரபு வரிசையோடு மட்டும் பொருந்துமாறு வடிவமைத்த குறுகிய டி.என்.ஏ. தொடக்கத் துண்டுகளை இதில் சேர்ப்பதால், அந்த இனத்தின் டி.என்.ஏ. இருந்தால்தான் பெருக்கம் நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பானால், 30 சுற்றுகளில் ஒரு மூலக்கூறு நூறு கோடியைத் தாண்டிவிடும். 2008-இல் பிரான்சு நாட்டுக் குளங்களில் அமெரிக்கக் காளைத் தவளையைக் கண்டறிந்த ஆய்வு இம்முறைக்கு வழிகாட்டியது.

எண்ணூரில் இது அவ்வளவு எளிதல்ல. கலங்கல் நீர் வடிதாளை விரைவில் அடைத்துவிடும். சேற்றிலுள்ள சில கரிமப் பொருள்கள் பி.சி.ஆர். வினையையே தடுக்கும், வெதுவெதுப்பான நீரில் டி.என்.ஏ. விரைவில் சிதையும், ஓதம் அதை வேறிடத்துக்கு இழுத்துச் செல்லும். உயிரி உயிரோடு இருக்கிறதா என்பதையும் இச்சோதனை சொல்லாது. வெளியிலிருந்து சிறிதளவு டி.என்.ஏ. கலந்தாலும் முடிவு தவறிவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் தூய நீர் நிரப்பிய ஒரு புட்டியையும் உடன் சோதித்து, மாசு கலக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகே முடிவை நம்ப வேண்டும்.

முன்கூட்டி அறிவதன் பயனை ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம் காட்டியது. அங்கே 1999 மார்ச்சில் படகுத் துறைகளில் கருங்கோட்டுச் சிப்பி என்னும் இன்னோர் அயல் சிப்பி தென்பட்டது. சில மாதங்களுக்கு முந்தைய ஆய்வில் அது இல்லை. மூன்று படகுத் துறைகளை மூடி, குளோரினும் காப்பர் சல்பேட்டும் இட்டுச் சில வாரங்களில் அதை முற்றாக ஒழித்தார்கள். மதகுக் கதவுகளால் அடைக்கக்கூடிய நீர்நிலைகள் என்பதால் அது இயன்றது. எண்ணூரில் கடலோடு திறந்து கிடக்கும் கொசஸ்தலை ஆற்றில் நஞ்சிட்டால், அங்குள்ள இறாலும் நண்டும் மட்டியும்தான் முதலில் சாகும்.

இயற்கை எதிரியை இறக்குவதும் இங்கு உதவாது. பப்பாளி மாவுப்பூச்சியை 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவி அடக்கியது உண்மைதான். ஆனால் அந்தக் குளவி ஓர் இனத்தையே குறிவைப்பது. சிப்பி தின்னும் உயிரிகளில் பெரும்பாலானவை நம்மூர்ப் பச்சை ஆழியையும் விட்டுவைக்கமாட்டா. எண்ணூரில் தற்போதைக்கு மிஞ்சுவது, வாரி அகற்றி, அகற்றியதைக் கரையேற்றி உலர்த்துவதுதான்.

சோதனைப் புட்டிகள் உண்மையில் செல்ல வேண்டிய இடங்கள் வேறு: எண்ணூருக்குத் தெற்கே உள்ள அடையாறு முகத்துவாரம், கோவளம், முட்டுக்காடு, அவற்றுக்கும் முன்பாக, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் சமநிலை நீர்த் தொட்டிகள். 2017-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கையின்படி, வெளியேற்றும் ஒரு கன மீட்டர் நீரில் 50 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் அளவுள்ள உயிருள்ள உயிரிகள் பத்துக்கும் குறைவாகவே இருக்க வேண்டும்.