ஆறும்போது திசை பிடிக்கும் கல்

கொல்லன் பட்டறையில் செக்கச்செவேலென்று பழுத்த ஆணியைக் காந்தம் சீந்தவே சீந்தாது. ஆறவிட்டால் அதே ஆணி ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். இரும்புக்கு இந்த எல்லை சுமார் 770 டிகிரி செல்சியஸ். மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவுக்கு 580. நம்ம சேலத்துக் கஞ்சமலையில் கறுப்பு வரிகளாகக் கிடக்கிறதே, அதுதான். எரிமலைக் கல்லிலும் அது பொடிப்பொடியாக இருக்கும்.

எரிமலைக் குழம்பு இளகியிருக்கும்போதே இந்தத் துகள்கள் ஊசிபோலத் திரும்பி வடக்கு பார்த்து உறைந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிடையாது. பசால்ட் என்ற கறுப்பு எரிமலைக் கல்லின் குழம்பு 1100 டிகிரிக்கு மேல் பொங்கி வந்து, 900 டிகிரிக்கு முன்பே கெட்டிக் கல்லாகிவிடும். 580க்கு இறங்கும்போது துகள் அசைய ஏது இடம்?

திரும்புவது துகள் அல்ல, அதற்குள் இருக்கும் காந்தம். ஒவ்வொரு இரும்பு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். சூட்டில் அவை தேர்த்திருவிழாக் கூட்டம்போல ஆளுக்கொரு பக்கம் முண்டும். சூடு தணிந்ததும் பக்கத்து அணுவைப் பார்த்து வரிசைக்கு வரும். எந்தப் பக்கம் திரும்புவது என்பதில் பூமியின் காந்தப்புலம் லேசாக ஒரு தள்ளு தள்ளுகிறது. இன்னும் கொஞ்சம் ஆறினால் பூட்டு விழுந்துவிடும். பொடித் துகள்கள் அந்தத் திசையைக் கோடிக்கணக்கான ஆண்டுகள் விடாது. பெரிய துகள்களுக்கு மறதி அதிகம்.

சேர்வராயன் மலை எரிமலை இல்லை. பூமிக்கடியில் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான சார்னோகைட் என்ற பாறை அது. ஆனால் தர்மபுரிப் பக்கம் பாறை வெடிப்புகளில் குழம்பு ஏறி, டோலரைட் என்ற கறுப்புக் கல் சுவர்களாக உறைந்திருக்கிறது. கடையில் ‘கறுப்பு கிரானைட்’ என்று விற்பது பெரும்பாலும் இந்த வகைக் கல்தான். உங்கள் வீட்டு அடுப்பு மேடையே ஒரு பழைய திசைகாட்டியாக இருக்கலாம், எப்படிக் கிடந்தது என்று குறிக்காமல் வெட்டியதால் பயன்தான் இல்லை.

சரி, திசை தெரிந்து என்ன செய்வது? காந்தப்புலம் பூமத்திய ரேகையருகே கிடையாக இருக்கும். துருவம் நோக்கிப் போகப்போகச் சாயும். சேலத்தில் இன்று ஒரு குழம்பு ஆறினால் ஏறக்குறைய கிடையாகத்தான் பதியும். மகாராஷ்டிரத்தின் தக்காண எரிமலைப் பாறைகள், சுமார் 6.6 கோடி ஆண்டு பழையவை, நன்றாகச் சாய்ந்த திசையைக் காட்டுகின்றன. அவை ஆறியபோது இந்தியா பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்தது. பெரும்பகுதி ஆறியது காந்த வடக்கும் தெற்கும் இடம்மாறியிருந்த காலத்தில் என்பதும் அதிலேயே பதிந்திருக்கிறது.

இந்தப் பதிவைப் படிக்கக் கல் மாதிரி எடுப்பவர்கள் மலை உச்சிப் பாறைகளைத் தவிர்ப்பார்கள். ஒரே ஒரு இடி விழுந்தால் போதும், மின்னோட்டத்தின் காந்தப்புலம் பழைய பதிவை அழித்துத் தன் திசையை எழுதிவிடும்.